தூளுக்கு ஏதாவது கொண்டு வாருங்கள்

மிளகாய்த்தூள் வியாபாரத்தில் தும்மல்தான் பெரிய கரைச்சல் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். என்னைப்போலக் கடை வைத்து மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியும், தும்மல் பழகிவிடும், ஆளில்லாத கடையில் இருப்பதுதான் பழகாது.

தோட்டத்தில் விளைந்தது

புத்தூரில் தூள் அரைத்து, என் கடைப் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் பைகளில் அடைத்து யாழ்ப்பாணக் கடைகளுக்குக் கொடுத்து வந்தேன். அவர்கள் அதை வாசலில் சரஞ்சரமாகக் கொழுவித் தொங்கவிடுவார்கள். பின்னேரங்களில் நானும் மனைவியும் எதிரெதிரே இருந்து பை ஒட்டுவோம். மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று கனடா போனவள் இன்னும் திரும்பவில்லை. பிறகு தனியே ஒட்டினேன்.

ஒருநாள் பக்கத்துத் தோட்டக்காரர் சேறு படிந்த பைகளை ஒரு ஓலைக் கடகம் நிறையக் கொண்டுவந்து முன்னால் கொட்டினார். எல்லாம் என்னுடையவை. சாயம்கூடப் போகவில்லை.

"இந்தாங்கோ அண்ணை, வெங்காயம் நட்ட இடத்திலை உங்கடை பைதான் விளைஞ்சு கிடக்கு."

கொழுவ இடமில்லை

அன்றோடு பையை நிறுத்தினேன். தூளைப் பெரிய தகரத்தில் தருகிறேன், வாங்குகிறவர்கள் போத்தில் கொண்டுவரட்டும் என்று கடை கடையாகச் சொன்னேன். தூளை மூக்கில் வைத்து மணந்து பார்க்காத முதலாளி இல்லை, எடுத்தவர்தான் ஒருவரும் இல்லை. தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வந்தது. கண்ணில் தூள் பட்டதென்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னேன். கடைசிக் கடை முதலாளி சொன்னதுதான் காதில் நின்றது.

"தூள் திறம். ஆனா தகரத்தை வாசல்லை எப்பிடிக் கொழுவிறது?"

சொன்னபடி

வீட்டு வாசலிலேயே 'தூளுக்கு ஏதாவது கொண்டு வாருங்கள்' என்று பலகை வைத்தேன். மூன்று நாள் ஒருவரும் வரவில்லை, போனும் அடிக்கவில்லை. நாலாம் நாள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் பொக்கற்றிலிருந்து ஒரு புத்தம்புது பிளாஸ்டிக் ஷொப்பிங் பையை எடுத்து உதறினார்.

"ஏதாவது கொண்டு வரச் சொன்னியள், கொண்டு வந்திட்டன். போடுங்கோ."

ஊறுகாய்ப் போத்தில்

பிறகு பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அது போதாது. மாதம் முடியப் பைக்கே திரும்புவது என்று ஒட்டும் மெசினைத் துடைத்து வைத்தேன்.

வந்தவர்களில் ஒருவரான ரீச்சர் அன்றும் வந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துப் பென்சன் எடுத்துவிட்டுத் தனியாக இருப்பவர். மூன்று கரண்டி கொள்ளும் ஊறுகாய்ப் போத்திலோடு இரண்டு நாளைக்கு ஒருதரம் வருவார், மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஊர்க்கதை கதைப்பார். பெரிய போத்தில் கொண்டுவந்தால் அலைச்சல் மிச்சம்தானே என்று கேட்டேன். மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"பெரிசாக் கொண்டு வந்தால், பிறகு ஒரு மாதத்துக்கு நான் ஆரோடை தம்பி கதைக்கிறது?"

மெசினைத் திரும்ப அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு அவருக்கு உட்கார்ந்து கதைக்க இடம் செய்தேன். பையை நிறுத்தியதில் என் கடைக்கு இதுவரை கூடினது அந்த ஒரு கதிரைதான்.