மாமாவின் சுத்தமான ரத்தம்

1988 ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் குழாயில் நான்கு குடம் தண்ணீர், ஏழே காலுக்கு இட்லி, எட்டரைக்குப் பள்ளி. நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு அப்போது பத்து வயது. வீட்டில் நடப்பதையெல்லாம் மணியோடு எழுதிவைப்பேன்.

லாரி ஓட்டும் மாமா அஸ்ஸாமிலிருந்து திரும்பி ஆறு நாள் ஆகியிருந்தது. வந்ததிலிருந்து விட்டுவிட்டுக் குளிர்க்காய்ச்சல். செங்கம் ரோட்டில் ஒரு மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை அம்மாவுக்கு. தன் தம்பிக்கு வந்திருப்பது மலேரியாதான் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் திங்களும் புதனும் எடுத்த ரத்தத்தில் கிருமி தென்படவில்லை. மாமாவுக்கு ஒரே குஷி. ஞாயிற்றுக்கிழமை அவர் லாரி ஏறாவிட்டால் முதலாளி வேறு டிரைவரைப் போட்டுவிடுவார்.

சாயங்காலம் பள்ளி விட்டு வந்தபோது மாமா இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"உன் மிஷின்தான் ரிப்பேரு, அக்கா. என் ரத்தம் சுத்தம்."

"வாய மூட்றா. பல்லு தந்தி அடிக்குது, பேச்சப் பாரு."

நடுக்கம் எப்போதெல்லாம் வந்தது என்று அம்மா என்னிடம் கேட்டார். பெருமையோடு நோட்டை நீட்டினேன். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் மாமா தேன்மிட்டாய் வாங்கித் தந்திருந்தார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. ஞாயிறு இரவிலும் செவ்வாய் இரவிலும் ஒரே வரி: 'மாமா மாத்திரை நாலு.'

"மலேரியா மாத்திரய எவன்டா குடுத்தான்?"

"கிளீனரு. டெஸ்ட்டுக்கு மொத நாளே போட்டுக்கினா ஒண்ணும் தெரியாதுன்னான்."

"கிருமி கம்மியாவுமே தவிர போவாதுடா! இதோட வண்டி ஏறினா வழியிலயே விழுந்து கெடப்ப. யாரு உன்னப் பாத்துக்குவாங்க?"

நடுங்கிக்கொண்டிருந்த மாமாவின் விரலை அம்மா ஊசியால் குத்தினார். இம்முறை மெல்லியதாகத் தேய்க்காமல், கிருமி கம்மியாக இருந்தாலும் அகப்படும் என்று துளியைத் தடிப்பாகவே கண்ணாடித்துண்டில் வைத்து எடுத்துப்போனார். எட்டரைக்குத் திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒன்றர மணி நேரம் தேடினேன். மாட்டிக்கிச்சு."

டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து அன்றே தொடங்கியது. மாமா என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, நான் பல் துலக்குவதற்கு முன்பே, அம்மா என் விரலைப் பிடித்து ஊசியால் குத்தினார். அடுத்து அப்பாவின் விரலை. மாமாவைக் கடித்த கொசு எங்களையும் கடித்திருக்கும் என்ற கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. காட்டிக்கொடுத்ததற்குத் தண்டனை என்றே நம்பினேன். அப்பா என்ன தப்பு செய்தார் என்பதுதான் விளங்கவில்லை.