ஆளுக்குக் கொஞ்சம் சீவிய மாத்திரை

என் மாமியார் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். சொந்தப் பயிற்சிப் பள்ளி, ஒரே ஒரு கார். அந்தக் காரில் இரண்டு பக்கமும் பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் மறந்தால் பக்கத்தில் இருப்பவர் மிதிக்க வேண்டும். அவரிடம் படித்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஐஸ் மேடம். குப்பை லாரியை உரசினாலும் சரி, ஒருவழிப்பாதையில் எதிரே போய் நின்றாலும் சரி, "பரவால்ல, அடுத்த தடவ பார்த்துக்கலாம்" என்பார். பயிற்சி முடித்தவர்கள் வெளியே போய் அவருடைய பொறுமையைப் பற்றியே பேசுவார்கள். எப்படி ஓட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

நான் கல்யாணமாகி வந்து நான்கு வருடம். வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுக்கிறேன். நான் எதைச் சமைத்துப் போட்டாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிடுவார் மாமியார். கொடுத்து வைத்தவள் என்று என் பிறந்த வீட்டில் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு வாய்த்தது பாதி மாமியார், பாதி மாத்திரை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த மாத்திரை வந்த கதை இது. மாமியாருக்கு ஒரு தங்கை இருந்தார், என் கணவருக்கும் நாத்தனாருக்கும் சித்தி. கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்கா வீட்டிலேயே இருந்தவர். பள்ளியை ஆரம்பித்தது இருவரும் சேர்ந்துதான். காலை வகுப்பு அக்கா, மாலை வகுப்பு தங்கை. ஒரு காய்ச்சல் வந்து, இது வெறும் காய்ச்சல் இல்லை என்று தெரிவதற்குள் சித்தி போய்விட்டார். மாமியாருக்குத் தூக்கம் போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை. அப்போது ஒரு டாக்டர் சின்ன மஞ்சள் மாத்திரை ஒன்றை இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் முடிந்ததும் போய்க் கேட்டார்கள், மறுபடி எழுதிக் கொடுத்தார். அவர் ஊர் மாறிப் போனதும் அவருடைய கையெழுத்தைப் பார்த்து இன்னொருவர் கையெழுத்துப் போட்டார். இப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

வீட்டில் யாருக்கும் இதில் குறை தெரியவில்லை. அழாமல் வேலைக்குப் போனாள், என்ன தைரியம் என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். அம்மா மனசு கஷ்டப்படக்கூடாது என்று சித்தியின் படங்களை எடுத்துப் பீரோவின் அடித்தட்டில் வைத்தார்கள். அவர் பேரையும் கூடவே வைத்துப் பூட்டிவிட்டார்கள் போலிருக்கிறது, நான் வந்த நாளிலிருந்து அந்தப் பேச்சே எழுந்ததில்லை.

ஒருநாள் பயிற்சிக்கு வந்த ஒருவர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். அது தினமும் நடப்பதுதான். அன்றைக்கு மாமியாருடைய கால் பிரேக்கைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் கார் பூக்கடையின் இரும்புக் கதவைச் சேர்ந்துவிட்டது. நல்ல வேளை, கடை மூடியிருந்தது. நெற்றியில் சின்ன வீக்கத்தோடு புதிய டாக்டர் ஒருவரிடம் போனோம். சின்ன வயதுப் பெண், கேள்வி கேட்கும் பழக்கம் உள்ளவர்.

"இந்த மாத்திரை எத்தன நாளா போடுறீங்கம்மா?"

"ரெண்டு வாரத்துக்குன்னு குடுத்தாங்க."

"எப்போ?"

"ஒம்பது வருஷம் முன்னாடி."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இந்த மாத்திரையோடு வண்டியில் உட்காரக்கூடாது என்றார். மாமியார் அப்படியானால் இன்றே நிறுத்திவிடுகிறேன் என்றதும், டாக்டருக்கு முதல் விஷயத்தைவிட இது பெரிய கவலையாகிவிட்டது. "திடீர்னு நிறுத்தவே கூடாது. உடம்பு இதுக்குப் பழகிடுச்சு. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கொஞ்சமா குறைச்சு, சில வாரம் பொறுத்து, உடம்பு ஏத்துக்கிட்டா மறுபடி கொஞ்சம். ஒரு வருஷத்துக்கு மேலயே ஆகலாம். பரவால்ல. வீட்ல எல்லாரும் ஒத்தாசையா இருங்க."

எங்கள் குடும்பத்துக்கு இதில் கடைசி வாக்கியம் மட்டும் காதில் விழுந்தது.

மாமனார் கணக்கு ஆசிரியர். வழியிலேயே மனக்கணக்குப் போட்டு, டாக்டர் சொன்ன வேகம் கட்டுப்படியாகாது என்று கண்டுபிடித்தார். என் கணவர் பார்சல் அனுப்பும் கம்பெனியில் மேற்பார்வையாளர். எதையும் சொன்ன தேதிக்கு முன்னாலேயே சேர்த்துவிட வேண்டும் என்பது அவருடைய தொழில் தர்மம். நாத்தனார் அடுத்த தெருவில் இருக்கிறாள். பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்கிறாள் என்பதால், மருத்துவம் பாதி படித்துவிட்டதாக நினைப்பு. மாமியார் பாவம், எப்போது மறுபடி காரில் உட்காரலாம் என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தார். காரில் உட்காரும் நேரம் மட்டும்தான் அவருக்குத் தன் நேரம். மற்ற நேரமெல்லாம் எங்களோடு.

மாத்திரையை வெட்டிப் பெட்டியில் போடும் பொறுப்பு மாமனாருடையது. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெட்டுவார். டாக்டர் சொன்ன அளவை வெட்டிவிட்டு, சீக்கிரம் முடியட்டும் என்று இன்னும் ஒரு துளி சீவுவார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் கணவர் பெட்டியைத் திறந்து, அம்மாவுக்கு நல்லதுதானே என்று பிளேடால் இன்னும் ஒரு துளி. மாலையில் அம்மாவைப் பார்க்க வரும் நாத்தனார் நக அரத்தால் அழகாக ஓரம் தேய்த்துவிட்டுப் போவாள். ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. தான் மட்டும்தான் அம்மாமேல் இவ்வளவு பாசம் வைத்திருப்பதாக மூவருக்கும் உள்ளுக்குள் பெருமை. வெள்ளெழுத்து விழுந்த மாமியாரோ கொடுத்ததை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

சில நாளிலேயே அவருக்கு விரல் நடுங்க ஆரம்பித்தது. வியர்த்துக் கொட்டியது. என் தையல் இயந்திரத்தின் சத்தம் காதுக்குள் குத்துகிறது என்றார். "மாத்திரை குறையும்போது இப்படித்தான் இருக்கும், தாங்கிக்கணும்மா" என்று மூவரும் அவருக்குத் தைரியம் சொன்னார்கள். டாக்டரிடம் கேட்கலாம் என்று நான் சொன்னதற்கு, நீ ஏன் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறாய் என்றார் கணவர். அந்த வாரமே ஒரு மாலை, சமையலறை வாசலில் தண்ணீர்க் கூஜாவை எடுக்கப் போனவர் அப்படியே விழுந்தார். கை கால் இழுத்துக்கொண்டது. தலை தரையில் மோதாமல் என் மடியை வைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அவர் செத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அதுவரை மாமியாருக்காக நான் அப்படிப் பயப்படுவேன் என்று எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு அந்த டாக்டரும் வந்தார். மாத்திரைப் பெட்டியைக் கொண்டு வரச் சொன்னார். மேசைமேல் கவிழ்த்தபோது விழுந்தது எலி கடித்து மிச்சம் வைத்தது போலிருந்தது.

"இது நான் சொன்ன அளவுல பாதிகூட இல்லயே. யாரு வெட்டினது?"

மாமனார் தொண்டையைச் செருமினார். "நான்தான் டாக்டர். கொஞ்சமாத்தான் கூட வெட்டினேன்."

என் கணவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களுமா? நானும் கொஞ்சந்தான் டாக்டர்."

நாத்தனார் கைப்பையின் வாரைத் திருகினாள். "நான் ஓரத்த மட்டும் தேச்சேன்."

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொடவில்லை. நல்லவள் என்பதால் அல்ல. மகனும் மகளும் மாத்திரையில் கை வைத்தால் பாசம். மருமகள் கை வைத்தால் செய்தித்தாளில் படத்தோடு வரும்.

மாமியார் கட்டிலில் கண்ணை மூடியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஒரு வண்டிய மூணு பேரு ஓட்டினா எங்க வந்து நிக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "இங்கதான் வந்து நிக்கும்."

டாக்டர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். கடைசியாக உடம்பு சரியாக இருந்த அளவுக்குத் திரும்பப் போகச் சொன்னார். அங்கே நன்றாக நிலைப்பட்ட பிறகு இன்னும் சின்னச் சின்னதாகக் குறைக்கலாம் என்றும், வேகத்தைத் தானும் மாமியாரும் சேர்ந்து முடிவு செய்வதாகவும் சொன்னார். ஒவ்வொரு வாரத்துக்கான மாத்திரையையும் மருந்துக்கடையே அளந்து பொட்டலத்தில் ஒட்டித் தரும்படி ஏற்பாடு செய்தார். எதையெல்லாம் கண்டால் உடனே கூப்பிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மாத்திரைப் பொட்டலம் அன்றிலிருந்து மாமியாரின் கைப்பைக்குள் குடியேறியது.

இனிமேல் நாங்கள் என்ன செய்வது என்று மாமனார் கேட்டார். "கூட இருங்க" என்றார் டாக்டர். எங்கள் குடும்பத்திடம் இதைவிடக் கஷ்டமான வேலையை யாரும் கொடுத்ததில்லை. எதையாவது செய்யச் சொன்னால் ஆலாய்ப் பறப்பார்கள். சும்மா இருப்பதற்குத்தான் பழக்கம் இல்லை.

மாமியாரே வேலையைப் பிரித்துக் கொடுத்தார். மாமனார் தினமும் கூட நடக்க வேண்டும், வழியில் கணக்குப் போடக்கூடாது. என் கணவர் பள்ளியின் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு, தற்காலிகமாக ஒரு பயிற்சியாளரைப் பிடிக்க வேண்டும். நாத்தனார் மருத்துவம் பேசாமல் வந்து போக வேண்டும். எனக்குக் கிடைத்த வேலை, மோசமான நாட்களில் அவர் அறையில் உட்கார்ந்திருப்பது. "இவதான் எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு நச்சரிக்க மாட்டா" என்றார். இயந்திரத்தை மூடி வைத்துவிட்டு விளிம்புகளைக் கையால் தைத்தபடி உட்கார்ந்திருந்தேன். சில நாள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே இருப்பார். சில நாள், உடம்புக்குள் எறும்பு ஊர்கிறது என்பார். ஒருமுறை குறைத்த அளவு ஒத்துக்கொள்ளவில்லை. மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போகலாம் என்றார். டாக்டர் வேண்டாம் என்று அதே அளவிலேயே நிறுத்திவைத்தார். குளிர்காலம் முழுக்க அங்கேயே நின்றோம். அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

மாத்திரை இறங்க இறங்க மாமியார் ஏறி வந்தார். முதலில் ஏறியது நாக்கு. ஒரு மதியம் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு வருஷமா இதையா சாப்பிட்டுட்டிருந்தேன்?" என்றார். இதை நான் என் பிறந்த வீட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்தது மாமனாரின் முறை.

"இந்த ஜோக்க முன்னாடியும் சொல்லியிருக்கீங்க."

"எப்போ?"

"ஒம்பது வருஷமா. அப்ப காதுல விழல. இப்ப விழுது."

மாமனாருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் அன்று மாலை நடக்கப் போகும்போது வேறு சட்டை போட்டுக்கொண்டார். யாரோ புதிதாக ஒருவரோடு நடக்கப் போகிறவர் மாதிரி இருந்தது. அவருக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

கடைசிச் சின்னத் துணுக்கும் முடிந்தது. அதற்கு மேலும் சில வாரம் பார்த்துவிட்டு, இனி காரில் உட்காரலாம் என்றார் டாக்டர். என் கணவர் கேக் வாங்க ஆசைப்பட்டார், மாமியார் ஒரு பார்வை பார்த்ததும் அந்த ஆசை அடங்கிவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை மாமியார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருமுனை திரும்புவதற்குள்ளேயே "கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு" என்று யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது. ஐஸ் மேடம் அன்றோடு ஒழிந்தார்.

மதியத்துக்கு முன்னாலேயே திரும்பிவிட்டார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, சாவியைக் கையில் பிடித்தபடி, வாய்விட்டு அழுதார். அப்படி ஒருவர் அழுது நான் கேட்டதில்லை. விடுமுறையில் இருந்த மாமனாரும் கணவரும் ஓடிவந்தார்கள். விபத்தா, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அழுகைக்கு நடுவே துண்டு துண்டாகச் சொன்னார். காரின் பலகையில் 'சகோதரிகள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி' என்றுதான் எழுதியிருக்கும், நாங்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. புதிதாக வந்த பெண் படித்துவிட்டாள். சகோதரிகள் என்றால் இன்னொருவர் எங்கே மேடம் என்று கேட்டாளாம்.

மாமனார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், ஒரு டம்ளர் தண்ணீரோடும் உள்ளங்கையில் ஒரு மஞ்சள் மாத்திரையோடும் வந்தார். பழைய மிச்சத்தையெல்லாம் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னவர், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒன்றைப் பதுக்கி வைத்திருக்கிறார்.

"இன்னிக்கு மட்டும் பாதி போட்டுக்கோயேன். இப்படி அழாத. எங்களால பார்க்க முடியல."

"ஆமாம்மா, பாதிதானே" என்றார் என் கணவர். வேகம் போதவில்லை என்று பிளேடால் சீவிய அதே மனிதர். எனக்கு அப்போது இருவர்மேலும் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. மாமியார் அந்த மாத்திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அது வேண்டும் என்பது முகத்தில் தெரிந்தது.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றார் கடைசியில். "என் தங்கச்சி செத்துட்டா. அதுக்கு அழறேன்."

"அது ஆகி இத்தன வருஷம் ஆச்சேம்மா."

"உங்களுக்கெல்லாம் ஆச்சு. எனக்கு இன்னிக்குத்தான். பார்க்க முடியலன்னா போங்க. முடிஞ்சா உக்காருங்க."

மாமனார் மாத்திரையை என் கையில் கொடுத்து மருந்துக்கடையில் சேர்த்துவிடச் சொன்னார். பிறகு மனைவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து என் கணவரும் உட்கார்ந்தார். அவர் உதடு கோணியது. அவருக்குக் காலணி நாடா கட்டக் கற்றுக்கொடுத்தது சித்திதான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் சமையலறைக்குப் போய் நாத்தனாருக்குப் போன் செய்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. இருப்பதைச் சொன்னேன்.

"சித்தி செத்துட்டாங்க. அத்தை அழறாங்க. வா."

பைத்தியமா என்று கேட்பாள், பத்து வருடக் கணக்குச் சொல்வாள், டாக்டரைக் கூப்பிடச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"இதோ வர்றேன் அண்ணி" என்றாள். அவள் தெருவில் அழுதுகொண்டே வரும் சத்தம் கேட்டு நான் போய்க் கதவைத் திறந்தேன்.