சுவரில் நின்ற அத்தை

எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் அத்தையைத் தேடினால் அவள் கைதான் கிடைக்கும். பந்தியில் சாம்பார் ஊற்றும் கை, யாருடைய பிள்ளையையோ மேடைக்குத் தூக்கிக் கொடுக்கும் கை. அப்பாவின் தங்கை அவள். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்து எங்களோடு இருந்தாள். அப்படி வந்தவளைப் போட்டோவுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. அம்மாவும் அவளும் மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்தார்கள்.

அந்த அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈசிஆர் ரோட்டோரம், உப்பு குடோன் சுவரில், நிஜ ஆளைவிடப் பெரிதாக நின்றாள். அவள் அங்கே வந்த கணத்தையே நான் பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பால் வாங்கப் போன வழியில், பாண்டிச்சேரி பக்கத்திலிருந்து வந்த சில இளைஞர்கள் அந்தச் சுவரில் பெரிய அட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கிராப் வெட்டியிருந்த அக்காவை எனக்குத் தெரியும். போன வாரம்தான் உப்பளத்துக்கு வந்து அத்தையைப் போட்டோ எடுத்தவள். அட்டை முழுக்க ஓட்டை ஓட்டையாக வெட்டியிருந்தது. டப்பாவைக் குலுக்கி அதன் மேல் கறுப்பு பெயின்டைப் புஸ்ஸென்று அடித்தார்கள். நல்ல சுவரைப் பாழாக்குகிறார்களே என்றுதான் நினைத்தேன். பிறகு அந்த அக்கா அட்டையின் மூலையைப் பிடித்து மெதுவாக உரித்தாள்.

உள்ளே அத்தை இருந்தாள். தலையில் கூடை, அதைப் பிடித்த இடது கை, ஒரு பக்கம் சாய்ந்த இடுப்பு. முகத்தில் கண்ணும் மூக்கும் வெறும் கறுப்புத் திட்டுகள்தான், ஆனாலும் அவளேதான். கோயிலில் திரை விலகும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அப்படிப் போட்டுக்கொண்டேன். பால் வாங்காமலே வீட்டுக்கு ஓடினேன்.

டீக்கடையில் அன்று வேறு பேச்சே இல்லை. குடோன்காரரைக் கேட்டார்களா என்றால் இல்லை. "அடுத்தவன் சொவத்துல கிறுக்கிட்டு ஆர்ட்டாம் ஆர்ட்டு" என்றார் ஒருவர். "ஏம்பா, எலெக்‌ஷனுக்குக் கட்சிக்காரன் எழுதறானே, அவன் கேட்டுட்டா எழுதறான்?" என்றார் டீக்கடைக்காரர். எங்கள் டிராயிங் சார் அது கலைதான் என்றார். அவர் சைக்கிளில் போய்விட்டதால் அந்தக் கட்சி பலவீனப்பட்டது.

அத்தைக்குத் தினமும் வேலைக்குப் போகும்போது அந்த இடத்தில் மட்டும் நடை குறையும். முந்தானையைச் சரிசெய்துகொள்வாள். எனக்கு அப்போதெல்லாம் மார்பு விம்மும். சுவரில் நிற்கிறவளின் பக்கத்தில் நானும் நடக்கிறேன் என்பது சாதாரண விஷயமா?

இதற்கு வினையாக வந்து சேர்ந்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். எங்கள் பக்கம் சுவரில் ஒரு முகம் இருந்தால் ஓட்டுக் கேட்க வேண்டும், இல்லையென்றால் கண்ணீர் அஞ்சலியாக இருக்க வேண்டும். பாண்டிச்சேரி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த மாமா ஜன்னல் வழியே படத்தைப் பார்த்துவிட்டார். அத்தை எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். இறங்கி, ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டு, துண்டால் வாயைப் பொத்தி அழுதபடியே எங்கள் வாசலுக்கு வந்தார்.

வாசலில் அத்தை மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாங்க மாமா, உக்காருங்க" என்றாள்.

மாலை கீழே விழுந்தது. அதை வீட்டுக்குள் எடுத்துப்போக யாருக்கும் துணிவில்லை. பக்கத்து வீட்டு ஆடு தின்று தீர்த்தது. அம்மா கைநிறைய உப்பெடுத்து அத்தைக்குச் சுற்றிப் போட்டாள். அப்பாவின் முகம் இருண்டுவிட்டது.

"உசுரோட இருக்கறவள சொவத்துல நிக்க வெக்கறது நல்லதில்ல. சுண்ணாம்பு அடிச்சி அழிச்சிடணும்" என்றார்.

அத்தை எதிர்த்துப் பேசுவாள் என்று பார்த்தேன். அவள் மீனிலிருந்து தலையைத் தூக்காமல், "என் படம்தானேண்ணா, நானே அடிச்சிடறேன்" என்றாள். அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று.

மறுநாள் சுண்ணாம்பு வாளியோடு கிளம்பினோம். அம்மா பசை பாக்கெட்டை அத்தையின் கையில் திணித்து, "இத கலக்க மறந்துடாத, இல்லன்னா மழைக்கு நிக்காது" என்றாள். சுவரருகே போய்ச் சுண்ணாம்பைக் கலக்கும்போது நான் பொறுப்பாக ஞாபகப்படுத்தினேன்.

"பசை, அத்தை?"

"அப்பறம் பாத்துக்கலாம்" என்று அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலிலிருந்து ஆரம்பித்தாள். முகத்துக்கு வந்ததும் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அதையும் அடித்தாள். சுவர் வெறும் சுவரானது. வீடு வரும்வரை நான் அவள் கையைப் பிடிக்காமலே நடந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பாத்திகளில் தண்ணீர் நின்று உப்பள வேலை நின்றது. விடாமல் பெய்த ஒரு மழைக்குப் பிறகு கடைக்குப் போனவள், குடோன் எதிரே அப்படியே நின்றுவிட்டேன். சுண்ணாம்பு பாலாக வழிந்து ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கூடை, கை, முகம், சாய்ந்த இடுப்பு. கழுவிவிட்டது போலப் பளிச்சென்று அத்தை நின்றாள். நனைந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என் அத்தையை யாராலும் அழிக்க முடியாது என்று வகுப்பெல்லாம் சொன்னேன்.

"என்னா பெயின்டோ, சுண்ணாம்பையே தின்னுடுச்சி" என்றார் அப்பா. தெய்வக் குத்தம் ஆகிவிடுமோ என்று பயந்து மறுபடி அழிக்கச் சொல்லவில்லை. அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மழை லீவில் பள்ளிக்கூடத்து சார்ட்டில் படங்கள் ஒட்ட வேண்டியிருந்தது. வீட்டில் கோந்து இல்லை. அத்தை தன் பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து பிரிக்காத ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். "சுடுதண்ணில கரைச்சிக்கோ, நல்லாப் புடிக்கும்" என்றாள். சுண்ணாம்புப் பசை என்று மேலே அச்சடித்திருந்ததை உரக்க வாசித்துக் காட்டினேன். தப்பில்லாமல் வாசித்ததற்காக அவள் என் தலையைத் தடவினாள். அந்தப் பெருமையோடு உட்கார்ந்து படங்களை ஒட்டி முடித்தேன்.