சென்னையில் மூன்று நாள் சாப்பாடு

உத்தமபாளையம் லத்திபாவுக்குக் கோதுமை ஒரு சிட்டிகை சேர்ந்தாலும் குடல் புண்ணாகிவிடும். ஆகவே, சென்னையில் மகள் மிஸ்பாவின் பட்டமளிப்பு விழாவுக்குப் போனால் எந்த வேளைக்கு எதை உண்பது என்று ஒரு வாரமாகத் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். பரோட்டாவும் ரவையும் அடிபட்டன. சோறும் சாம்பாரும் மிஞ்சின. அதுவே போதும் என்று தெம்பானாள்.

கணவர் சிக்கந்தர், அவர்கள் தங்கவிருந்த விடுதியின் சமையற்காரரைத் தொலைபேசியில் அழைத்து, அவளுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“சாம்பார்ல கோதுமை போடுவீகளா?”

“அதுல ஏன் சார் கோதுமை? பருப்பு, புளி, பெருங்காயம், அவ்ளோதான்.”

லத்திபாவின் பேனா நின்றது. சென்ற ஆண்டு மதுரைத் திருமண விருந்தில் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டு, எட்டு நாள் படுக்கையில் கிடந்தாள். கோதுமை மாவு கலந்த பெருங்காயத்தூள்தான் அதற்குக் காரணம் என்று மருத்துவர் பிறகு சொன்னார்.

“வெறும் இட்லியும் தயிருமா ஓட்டிரலாமே?” என்றார் சிக்கந்தர்.

“அங்கன ரவைக்கும் இட்லிக்கும் ஒரே கரண்டிதான். எனக்குன்னு யாரு தனியா உலை வைப்பாக? புள்ள மேடையில பட்டம் வாங்கையில நான் கக்கூஸ்ல கெடக்கவா? நீங்க மட்டும் போயிட்டு வாங்க.”

அப்போது மிஸ்பா அழைத்தாள்.

“அம்மா, ரெண்டு பேருக்கும் முன்வரிசையில பாஸ் வாங்கிட்டேன்!”

லத்திபா கைப்பேசியைக் கணவரிடம் கொடுத்தாள்.