பேழையில் ஏறாதவர்

ஆன்தோனெத்தின் கணவர் ஆல்போன்ஸுக்கு இரண்டு தேதி என்றால் ஆகாது. காரைக்கால் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியே முப்பது வருஷம் ஓட்டியவர். தாய் ஒரு தேதியும் தகப்பன் ஒரு தேதியும் சொன்னால், மருத்துவச்சியைக் கூப்பிட்டு விசாரித்து, ஒன்றை அடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

ஓய்வு பெற்றதும் அந்தக் குணம் வேதாகமத்தின் மேல் பாய்ந்தது. ஆதாமிலிருந்து, நோவா பேழை செய்து தப்பிய வெள்ளப்பெருக்கு வரை எபிரேய ஏடு சொல்லும் வருஷங்களுக்கும் கிரேக்க ஏடு சொல்வதற்கும் ஏறக்குறைய அறுநூறு வித்தியாசம் என்று அவருடைய பிரெஞ்சு வேதாகமத்தின் அடிக்குறிப்பு சொன்னது. விடுவாரா மனுஷன்? பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் கோடு போட்டு, யார் எந்த வயதில் யாரைப் பெற்றார் என்று எழுத உட்கார்ந்தார்.

இதெல்லாம் எதை மறக்க என்று ஆன்தோனெத்துக்குத் தெரியும். எழுபத்தேழு நவம்பர்ப் புயலுக்கு முதல்நாள், கோட்டுச்சேரிமேட்டு மீனவச் சிநேகிதர்களோடு படகேறிய மகன் ழாக் திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் இன்றும் இருவரும் தலையைத் தூக்குவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். கல்லறைத் திருநாள் பூசையில் இறந்தவர்கள் பெயர்களோடு வாசிக்க அவன் பெயரைக் கொடுக்கலாம் என்று வருஷாவருஷம் கேட்பாள். "செத்த தேதி தெரியாம என்னத்த எழுதுறது?" என்று இவர் எழுந்து போய்விடுவார். அவளுக்கோ அழுது தீர்க்க ஒரு பூசையாவது வேண்டியிருந்தது.

எண்பத்துநான்கு அக்டோபர் கடைசியில், பெயர்ச்சீட்டைத் தானே எழுதி முந்தானையில் முடிந்துகொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள். ஆல்போன்ஸ் தாளைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"நோவாவோட தாத்தா மெத்துசேலா இருக்காருல்ல? எபிரேயக் கணக்குல வெள்ளம் வந்த வருஷமே செத்துடுறாரு. கிரேக்கக் கணக்குல வெள்ளத்துக்கு அப்புறமும் உசுரோட இருக்காரு."

"பேழையில ஏறுனாரா?"

"இல்ல. ஏறுனது எட்டே பேருதான்."

"அப்ப எப்படிப் பொழச்சாரு?"

"எழுதல. படிச்சவங்க தப்புன்னு தள்ளிட்டாங்க. நானும் அடிக்கத்தான் பேனாவ எடுத்தேன்." அவர் பேனாவை மூடி வைத்தார். "கை வரலம்மா."

கதவருகே போன ஆன்தோனெத் திரும்பி வந்தாள்.

"வெள்ளத்துக்கு அப்புறம் எத்தன வருஷங்க இருந்தாரு?"

"பதினாலு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விரல்விட்டு எண்ணினாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, சீட்டை எடுத்து அவருடைய தாள்களுக்கு அடியில் வைத்தாள்.

"ஏழுதாங்க ஆச்சு," என்றாள். "இன்னும் பாதி இருக்கு."