செத்தவர் வேடம் போடும் வக்கீல்

நீதிமன்ற வராந்தாவில், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், எதிர்ப்பக்கம் சுவரோரம் நின்றிருந்த பெண்ணின் பின்னால் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தார் வக்கீல். அவள் இறந்துபோனவனின் மனைவி. யார் வைத்தது என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள். பார்த்தது ஒருத்திதான்: அவள் கணவனை அடித்த மெக்கானிக்கின் அக்கா. அவளுக்குச் சுருக்கென்றது. நம் வக்கீல் என்று நம்பி வந்தால், இந்த மனுஷன் அந்தப் பக்கத்துக்கு நாற்காலி போடுகிறாரே!

அவர் அப்படித்தான். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான ஆள். கறுப்பு அங்கி தோள்பட்டையில் வெளுத்துப் பழுப்பேறிக் கிடக்கும். அறைக்குள் வந்ததும் செருப்பை மேசைக்கடியில் கழற்றிவிட்டு, சாயங்காலம் வரை அதைக் காலால் துழாவிக்கொண்டே பேசுவார். கொலை வழக்கு என்று யார் வந்தாலும் முதலில் மேசையை ஓரமாக நகர்த்துவார். சீப்பு கத்தியாகும், சுருட்டிய செய்தித்தாள் கட்டையாகும். நடந்ததை நடந்தபடி நடித்துக் காட்டச் சொல்வார். அதில் செத்தவர் வேடம் எப்போதும் அவருக்குத்தான். வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். “அவருக்காகப் பேச இந்த ரூம்ல வேற யாரு இருக்கா?” என்பார்.

பக்கத்து அறை வக்கீல்கள் இதை வைத்து அவரை ஓட்டுவார்கள். இன்றைக்கு எத்தனை தடவை செத்தீர்கள் என்று ஒருவர் கேட்டால், இவர் முகம் மாறாமல், “ஒரு தடவைதான். ஆனா விழுந்த இடம் சரியில்ல, இடுப்பு பிடிச்சிக்கிச்சு” என்பார்.

அக்கா முதல்முறை அந்த அறைக்குப் போனபோது, போலீசிடம் சொன்னதையே இவரிடமும் ஒப்பித்தாள். தம்பி தங்கமான பையன். கோபம் என்றால் என்னவென்றே தெரியாது. அன்றைக்கும் பட்டறைக்கு வந்த அந்த ஆளோடு ஏதோ பேச்சு வந்தது. தம்பி பொறுமையாகப் போய்க் கைகழுவிவிட்டு வந்து, இனி இப்படிப் பேசாதே என்று சும்மா ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினான். அது தலையில் பட்டு, மருத்துவமனையில் உயிர் போய்விட்டது. கைகழுவின கதை அவளாகச் சேர்த்தது. தம்பிக்காகச் சொல்லும் பொய்யை ஆண்டவன் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று அவளாகவே ஒரு முடிவு.

வக்கீல் கால் துழாவுவதை நிறுத்தினார். நேற்றுத்தான் சிறையில் தம்பியைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

“நகத்துல இன்னும் கிரீஸ் இருக்கும்மா. கைகழுவுனவர் கை மாதிரி தெரியலையே.”

அது தான் சேர்த்தது என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

“நீங்க நல்லதுன்னு நெனச்சுதான் சொல்லியிருக்கீங்க. ஆனா அந்தக் கைகழுவுறதுதான் அவரை ஆயுளுக்கும் உள்ள வச்சிரும்.”

பிறகு நிதானமாக எடுத்துச் சொன்னார். உயிர் போனது போனதுதான். அதில் சட்டத்துக்குச் சந்தேகமில்லை. ஆனால் அடிக்கும்போது மனது எப்படி இருந்தது என்று அது கேட்கும். யோசித்து, மனது ஆறிய பிறகும் வந்து அடித்தால் அது கொலை. தாங்க முடியாததைக் கேட்டு, அந்த நொடியில் நிலைதடுமாறி, கையில் இருந்ததைக் கொண்டே அடித்துவிட்டால் அது கொலையாகாத மரணம். தண்டனை உண்டு, ஆனால் வாழ்க்கை முழுக்க இல்லை. குழாயடி வரை போய் வந்தவனுக்கு மனது ஆற நேரம் இருந்தது என்றுதான் எதிர்த்தரப்பு பேசும்.

உண்மையில் தம்பி எங்கும் போகவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து ஸ்பேனரோடு அப்படியே எழுந்து வந்தான். அந்த ஆள் சொன்ன ஒரு வார்த்தைக்காக. அது தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த அக்காவைப் பற்றிய வார்த்தை. அவள் புருஷனை எப்போதோ இழந்தவள். அப்படிப்பட்டவளை எப்படியெல்லாம் பேசலாமோ அப்படி ஒரு வார்த்தை. அதைச் சபையில் சொல்வதைவிட நாக்கை அறுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது அவளுக்கு.

அதைச் சொல்லச் சொல்லி வக்கீல் வற்புறுத்தவில்லை. தரையில் உட்கார்ந்து, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நான் செத்தவர்மா. எனக்குக் காது கேக்காது. சொல்லிப் பாருங்க.”

அவள் அவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அவர் திரும்பவே இல்லை.

சாட்சிக் கூண்டிலும் சொன்னாள். அப்படியானால் போலீசிடம் சொன்னது என்ன என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். “பொய் சொன்னேங்கய்யா. தம்பிக்கு நல்லதுன்னு நெனச்சேன்” என்றாள். தம்பியைப் பிடித்துப்போன போலீஸ்காரரும், விலங்கு மாட்டும்போது இரண்டு கையும் கிரீஸாக இருந்ததை ஒத்துக்கொண்டார்.

கொலை இல்லை என்று தீர்ப்பாயிற்று. சில வருடச் சிறை. அதன்பின் தம்பி வீட்டுக்கு வருவான். அக்கா ஆண்டவனுக்கு நன்றி சொல்லி முடித்த கையோடு வக்கீலைத் தேடி ஓடினாள். அவர் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தார். கைகூப்பி, என் தம்பியைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள், உங்கள் பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கும் என்று வாய் ஓயாமல் வாழ்த்தினாள்.

அவர் கூச்சத்தோடு கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஒரு படி மேலேறி அவளருகே வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

“கோவம் வந்துச்சுன்னு சொல்லித்தான்மா அவரை மீட்டோம். அந்தக் கோவமும் அவர்கூட வீட்டுக்கு வரும். கைகழுவிட்டு வாடான்னு இனிமே நெஜமாவே சொல்லுங்க.”