மூன்று முழுக்கும் மூன்று நாள் காய்ச்சலும்

என் இடது கிட்னி கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறது, நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியைகளிடம் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். தம்பிக்குக் கொடுத்தது. கொடுத்து ஒன்றே கால் வருஷம் கழித்து நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். கூடப்பிறந்தவள் கொடுத்திருந்தாலும் உடம்புக்கு அது அந்நியக் கிட்னிதான், விரட்டத்தான் பார்க்கும். அது விரட்டாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கிவைக்க வேண்டும். "வாசல்ல நிக்கிற நாயைக் கட்டிப்போட்டிருக்கோம். இனி விருந்தாளியும் உள்ள வரலாம், களவாணியும் வரலாம். பாத்துக்கிட வேண்டியது நீங்கதான்" என்றார். காலை எட்டு, இரவு எட்டு, நேரம் தவறாமல் மாத்திரை. கூட்டத்துக்குள் போகக் கூடாது, ஆற்றில் முழுகக் கூடாது. காய்ச்சல் நூறைத் தொட்டால் கைவைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

இதையெல்லாம் கொட்டை எழுத்தில் எழுதித் தம்பி வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். தினமும் எட்டு மணிக்குப் போன் செய்து "போட்டியாலே?" என்று கேட்பேன். சொந்தக்காரர்கள் எனக்குக் கிட்னி இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். அதே தெருவில் இருக்கும் சித்தப்பா ஒரு நாள் ஒரு செம்பு நிறையக் கஷாயத்தோடு வந்தார். "குடிலே, எதிர்ப்புச் சக்தி கூடும்" என்றார். எந்தச் சக்தியை அடக்க மாதாமாதம் இரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்களோ, அதைக் கூட்டக் கஷாயம்! அன்றைக்கு நான் அங்கே இருந்ததால் கஷாயம் வாஷ்பேசினுக்குப் போயிற்று.

ஆடி அமாவாசைக்கு நான் அங்கே இல்லை. ஆற்றில் மூன்று முழுக்குப் போட்டு, ஈர வேட்டியோடு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். முந்தின வருஷம் ஆபரேஷன் ஆன புதிது என்பதால் விட்டுவிட்டோம். இந்த முறை ஒரு வாரம் முன்பே, தர்ப்பணம் செய்துவைக்கும் வாத்தியாரிடம் பேசினேன். "அதுக்கென்னம்மா, வீட்டுக் குழாய்த் தண்ணியில குளிச்சுட்டு வரட்டும். கரையில உக்காந்தே கொடுக்கலாம், ஒரு கொறையும் இல்ல" என்று மந்திரம் சொல்கிறவரே சொல்லிவிட்டார். அந்த நம்பிக்கையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. படித்துறை முழுக்க ஆட்கள். அத்தனை பேருக்கும் முன்னால் சித்தப்பா கேட்டிருக்கிறார்: "என்னலே, பெத்த அப்பனுக்குத் தண்ணி எறைக்கக் கரையில உக்காந்திருக்க? தாமிரவருணித் தண்ணி யாருக்கு என்ன செஞ்சிட்டு? மலையில மூலிகையில பட்டு வருத தண்ணி. முங்குலே, சீக்கெல்லாம் ஓடிப்போவும்." என் தம்பி முழுகினான். ஒன்றல்ல, மூன்று முழுக்கு.

மலையில் மூலிகையில் பட்டுத்தான் வருகிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. கீழே வந்த பிறகு எதில் எதில் படுகிறது என்பதைச் சித்தப்பா தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பரிகாரம் என்று அவிழ்த்துப் போட்ட வேட்டி சேலையெல்லாம் படியில் மக்கிக் கிடக்கிறது. ஊர்ச் சாக்கடை அதில்தான் வந்து விழுகிறது. தாயே என்று கும்பிட்டுவிட்டு அந்தத் தாயின் தலையிலேயே கொட்டுகிற ஊர் இது.

இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. எட்டு மணிப் போனில், "நல்லாத்தான் இருக்கேன்க்கா" என்றான். மறுநாளும் அதையே சொன்னான். அதற்கு மறுநாளும் சொன்னான். காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறான். நான்காம் நாள் நான் வகுப்பில் இருக்கும்போது அவன் மனைவி அழுதுகொண்டே கூப்பிட்டாள். ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

சிறுநீரில் தொற்றிய கிருமி இரத்தத்துக்கு ஏறியிருந்தது. "கிருமியோட சண்டை போட உடம்புல ஆள் இல்லம்மா. எதிர்ப்பை அடக்குற மாத்திரையக் கொறைக்கணும். கொறைச்சா கிட்னி போகலாம். கொறைக்கலேன்னா ஆளே போகலாம்" என்றார் டாக்டர். முதல் நாளே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றும் சொன்னார். ஆற்றிலிருந்துதான் வந்தது என்று அவர் உறுதியாகச் சொல்லவில்லை. வராண்டாவில் நின்ற சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா, தண்ணியில ஒண்ணுமில்ல. கண்ணு பட்டுட்டு."

"வாய மூடுங்க சித்தப்பா!" என்று கத்தினேன். பெரியவர் என்று பார்க்கவில்லை. "ஒரு வருஷமா பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். நாலு பேரு முன்னால ஒங்க கவுரவத்துக்கு அவனப் பிடிச்சு முக்கிட்டீங்களே!" நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பினாள். அப்படிக் கத்தியதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

பிழைத்துக்கொண்டான். கிட்னியும் தப்பியது, ஆனால் முன்பு போல இல்லை. இரத்தத்தில் தங்கும் கழிவைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஒரு படி மேலேயே நின்றுவிட்டது. பன்னிரண்டாம் நாள் வார்டில் அவனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "மூணு நாளா ஏம்லே எங்கிட்டச் சொல்லல? சித்தப்பாவுக்குத் தெரியும், ஒம் பொண்டாட்டிக்குத் தெரியும், எனக்கு மட்டும் ஏன் மறைச்ச?"

"நீ ஏசுவேன்னுதான்."

"ஏசுனா செத்தா போவ?"

அவன் இட்லியை மென்று விழுங்கினான். பிறகு சொன்னான். "முங்குனது தெரிஞ்சா நீ என்ன கேப்பேன்னு எனக்குத் தெரியும்க்கா. 'எங் கிட்னிய என்னலே செஞ்ச'ன்னு கேப்ப. அத என்னால தாங்கிக்கிட முடியாது. அதான் பைய சரியாயிரும்னு படுத்துக்கிட்டேன்."

"அப்படியெல்லாம் கேப்பேனாலே?" என்று வாயெடுத்தேன். அடுத்த இட்லியைப் பிட்டேன். அவனைக் கொண்டுவந்த அன்று டாக்டர் கதவைத் திறந்து வெளியே வந்ததும் நான்தான் முதலில் ஓடினேன். "கிட்னி எப்படி டாக்டர் இருக்கு?" என்று கேட்டேன். எனக்குப் பின்னால் நின்ற அவன் மனைவிதான், "அவுக எப்படி இருக்காக?" என்று கேட்டாள்.